எஃப்ஐஆர் தேதி அல்ல, சம்பவத் தேதிதான்

"2024 ஜூலை 1-க்குப் பிறகு எஃப்ஐஆர் போட்டால் எல்லாமே புதுச் சட்டம்தான், ஐபிசி (பழைய இந்திய தண்டனைச் சட்டம்) செத்துப்போச்சு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு. நம்பி மனுப் போட்டால் அலைச்சல்தான் மிஞ்சும்.

காவேரிப்பட்டினம் மண்டியில் 2024 மே மாதம் மாங்காய் எடுத்தவர் பணம் தராமல் ஏமாற்றிவிட்டார், புகார் ஆகஸ்டில் பதிவாகிறது என்று வையுங்கள். குற்றப்பிரிவு ஐபிசி 420தான். ஐபிசிக்குப் பதிலாக வந்த பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) 318(4) வராது. (பணம் தராதது மட்டுமே மோசடி ஆகாது, எடுக்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும்.) பழைய குற்றங்களுக்குப் பழைய சட்டமே செல்லும் என்று பிஎன்எஸ் 358-வது பிரிவே சொல்கிறது. குற்றம் நடந்தபோது இல்லாத சட்டத்தில் தண்டிக்க அரசியல் சாசனம் 20(1) விடாது.

நடைமுறை வேறு கணக்கு. எஃப்ஐஆர் பதிவும் விசாரணையும் ஆகஸ்டில் தொடங்குவதால் அதற்கு பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்). ஜூலை 1 அன்று ஏற்கெனவே நிலுவையில் இருந்த விசாரணை என்றால் சிஆர்பிசி (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) தொடரும், பிஎன்எஸ்எஸ் 531 பாருங்கள்.

எண்களில் கவனம் தேவை. கொலைக்கான ஐபிசி 302 இப்போது பிஎன்எஸ் 103(1). பிஎன்எஸ் 302 மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சுக்கானது. சிஆர்பிசி 482 உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம், அது இப்போது பிஎன்எஸ்எஸ் 528. பிஎன்எஸ்எஸ் 482 முன்ஜாமீன். மனுவில் சட்டத்தின் பெயரில்லாமல் எண்ணை மட்டும் எழுதாதீர்கள்.

புகார்தாரருக்கு எஃப்ஐஆர் நகல் இலவசம். அதில் 2-வது பத்தியில் சட்டப்பிரிவு, 3-வதில் சம்பவ நாள் இருக்கும். இரண்டும் பொருந்தாவிட்டால் உடனே எழுத்தில் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள்.