முதல் ஜோடியை வாங்கும் முன் ஆறாவது குட்டியை யோசியுங்கள்

ஓர் ஆண், ஐந்து பெண், ஆறுக்கும் ஆறு விதமான மரபணு, நான்காவது ஆண்டில் போட்ட பணம் திரும்பிவிடும். பால் பைத்தான் (ball python, பந்துபோல் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு) இனப்பெருக்கத்தில் இறங்கப் போகிறேன் என்று எனக்கு எழுதுகிறவர்களின் திட்டம் அநேகமாக இப்படித்தான் இருக்கிறது. டல்லாஸிலிருந்து ஒரு தம்பி அண்மையில் அனுப்பிய எக்செல் தாளில் வரப்போகும் டாலர்களுக்குப் பத்து வரிசை இருந்தது. பிறக்கப்போகும் குட்டிகளை எங்கே வைப்பது என்பதற்கு ஒரு வரிசைகூட இல்லை. அவருக்கு மட்டும் எழுதத் தொடங்கிய பதில் நீண்டுவிட்டது, ஆகவே இங்கேயே போடுகிறேன்.

என் கட்சி இதுதான்: முதல் குழு என்பது ஓர் ஆண், இரண்டு பெண், ஒரே ஒரு ஒடுங்கு மரபணு (தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரிவது). அமெரிக்க வளர்ப்பாளர்கள் இதை 1.2 என்று எழுதுவார்கள்; புள்ளிக்கு முன்னால் ஆண், பின்னால் பெண். 1.5 என்று எழுதுவதற்கு ஒரு விநாடி போதும். ஆனால் ஒரு பெண் சராசரியாக ஆறு முட்டை இடும். ஐந்து பெண்ணும் இட்டால் முப்பது குட்டிகள். ஒவ்வொன்றுக்கும் தனிப் பெட்டி, தனிச் சூடு, வாரம் ஓர் எலி. அதிலும் சில, முதல் எலியைத் தொடவே மாட்டேன் என்று வாரக்கணக்கில் சுருண்டு கிடக்கும். பகலில் வேலைக்குப் போய்வரும் ஒருவர் அடம்பிடிக்கும் முப்பது குட்டிகளை இரவில் உட்கார்ந்து ஊட்டிப் பழக்குவார் என்று நான் நம்பவில்லை.

மரபணு விஷயத்துக்கு வருகிறேன். கிளவுன், பைபால்ட் என்ற நிற வகைகள் இரண்டும் ஒடுங்கு மரபணுக்கள். வெளியே தெரியாமல் ஒன்றைச் சுமக்கும் பாம்பை ‘ஹெட்’ என்பார்கள். விலை குறைவு என்பதால் புதியவர்கள் விரும்பி வாங்குவது இரட்டை ஹெட் ஜோடி: இரண்டும் கிளவுனுக்கும் ஹெட், பைபால்ட்டுக்கும் ஹெட். இரண்டு மரபணுவும் ஒன்றாக வெளிப்படும் குட்டி அதிலிருந்து பிறக்க முட்டைக்குப் பதினாறில் ஒரு வாய்ப்புதான். ஆறு முட்டை என்றால், அப்படி ஒன்றுகூட வராமல் போகும் வாய்ப்பு 68 சதவீதம். மூன்று ஆண்டு வளர்த்து, ஒரு பருவம் முழுவதும் காத்திருந்து, மூன்றில் இரண்டு பேர் வெறுங்கையோடு நிற்பார்கள். மிச்சக் குட்டிகளில் பலவற்றுக்கு ‘66 சதவீதம் ஹெட்டாக இருக்கலாம்’ என்ற சீட்டு ஒட்ட வேண்டியிருக்கும். அந்தச் சீட்டை நம்பி யார் வாங்குவார்? உரித்த சட்டையை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சில மரபணுக்களைச் சோதித்துவிடலாம், உண்மைதான். அதற்கும் குட்டிக்கு ஒரு கட்டணம்.

மாறாக, கிளவுன் வெளிப்பட்ட ஓர் ஆண், கிளவுனுக்கு ஹெட்டான இரண்டு பெண். முட்டைக்கு இரண்டில் ஒன்று கிளவுன். ஆறு முட்டையில் ஒன்றுகூட வராத வாய்ப்பு இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. கிளவுனாக இல்லாத குட்டிகள் எல்லாமே உறுதியான ஹெட், ஊகத்துக்கு இடமில்லை. பணத்தை ஆணின் மேல் போடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். ஒரே ஆண் இரண்டு பெண்களின் குட்டிகளுக்கும் பாதி மரபணுவைத் தருகிறது.

ஆனால் முதலில் வாங்க வேண்டியது பெண்களை. பெண் முட்டையிடத் தயாராக மூன்று ஆண்டும் ஒன்றரைக் கிலோ எடையும் வேண்டும். ஆண் 700 கிராமைத் தொட்டு இரண்டாவது ஆண்டிலேயே தயாராகிவிடும். இரண்டையும் ஒரே நாளில் குட்டியாக வாங்கினால் ஆண் சும்மா காத்திருக்கும், அதன் விலையும் சரிந்துகொண்டே போகும். அமெரிக்க வளர்ப்பாளர் பாப் கிளார்க் 1992-ல் முதல் அல்பினோக்களைப் பொரித்தெடுத்த காலத்தில் அது எட்டாக் கனி. ஒரு காரின் விலைக்குப் போன பைபால்ட் இன்று சில நூறு டாலர். ஆகவே பெண்களை இப்போது வாங்கி நிதானமாக வளருங்கள். ஆணை ஓர் ஆண்டு கழித்துத் தேடுங்கள். எடைக்கணக்கைக் காட்டி அவசரப்படவும் வேண்டாம். எலியை அள்ளிப் போட்டு இரண்டே ஆண்டில் ஒன்றரைக் கிலோவுக்குக் கொண்டுவரப்பட்ட பெண், கொழுத்த பெண். முதிர்ந்த பெண் அல்ல. முட்டையிட்ட பின் உடல் வற்றிப் போயிருக்கும். அது தேறவில்லை என்றால் அடுத்த பருவத்தை விட்டுவிடுவதுதான் முறை. நவம்பர் முதல் மார்ச் வரை இணை சேர்ப்பது, முட்டைக்கு முந்தைய சட்டை உரித்து ஏறக்குறைய முப்பது நாளில் முட்டை, 31–32 டிகிரி செல்சியஸில் ஐம்பத்தைந்து அறுபது நாள் அடை என்பதெல்லாம் எங்கும் கிடைக்கும் செய்தி. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டில் மட்டும் கஞ்சத்தனம் காட்டாதீர்கள்.

எந்த மரபணு வேண்டாம் என்பதில் எனக்குச் சமரசம் கிடையாது. ஸ்பைடர் என்ற நிற வகை வேண்டாம். 1999-ல் ஆப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்த ஒற்றைப் பாம்பின் வழி வந்தவை இவை. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஸ்பைடர் எதுவாக இருந்தாலும் அதன் சமநிலை உணர்வில் கோளாறு உண்டு. சிலவற்றில் தலை இலேசாக ஆடும். சில, எலியைக் குறிவைத்துப் பாய்ந்து காற்றைக் கடிக்கும், தலைகீழாகத் திருகிக்கொள்ளும். உட்செவியின் அமைப்பே பிறழ்ந்திருப்பதை 2022-ல் வெளியான ஆய்வு ஒன்று சி.டி. படம் எடுத்துக் காட்டியது. பிரிட்டனில் சர்வதேச ஊர்வனவியல் சங்கம் தன் கண்காட்சிகளில் ஸ்பைடர் விற்பதையே தடை செய்தது. ‘நன்றாகச் சாப்பிடுகிறது, இனம் பெருக்குகிறது, அப்புறம் என்ன?’ என்பது வழக்கமான சமாதானம். பசி இருக்கிறது என்பதால் வேதனை இல்லை என்று ஆகிவிடாது. பெயரைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். பம்பிள்பீ என்றால் ஸ்பைடரும் பாஸ்டல் என்ற இன்னொரு நிற வகையும் சேர்ந்தது. ஷாம்பெயினிலும் இந்தத் தள்ளாட்டம் உண்டு. டெசர்ட் பெண்ணை வாங்கி இணை சேர்த்தால் முட்டை உள்ளேயே சிக்கிப் பாம்பு சாகக்கூடும். கேரமல் அல்பினோவிலும் சூப்பர் சினமனிலும் முதுகெலும்பு கோணிய குட்டிகள் வருகின்றன. இத்தனை ஆரோக்கியமான நிறங்கள் இருக்கும்போது தெரிந்தே இதற்குள் போவானேன்?

பனானா என்ற நிற வகையை வாங்குவதாக இருந்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த ஆணுக்கு மரபணு தந்தையிடமிருந்து வந்ததா, தாயிடமிருந்தா? தந்தைவழி வந்திருந்தால் அதன் பனானாக் குட்டிகள் பெரும்பாலும் ஆண்; தாய்வழி என்றால் பெரும்பாலும் பெண். பனானா மரபணு பாலினக் குரோமோசோமில் இருப்பதால் வரும் கணக்கு இது. பாம்பு என்றாலே பாலினக் குரோமோசோம்கள் பறவைகளைப்போல் இசட்-டபிள்யூ என்று பாடநூல்கள் சொல்லிக்கொண்டிருந்த காலத்திலேயே வளர்ப்பாளர்களின் நோட்டுப் புத்தகங்களில் இந்தக் கணக்கு இருந்தது. மலைப்பாம்புகளுக்கு நம்மைப்போல் எக்ஸ்-ஒய் என்று ஆய்வாளர்கள் 2017-ல்தான் காட்டினார்கள். எனக்கு இதில் கொஞ்சம் அற்பப் பெருமை உண்டு.

டோகோ, பெனின், கானா நாடுகளிலிருந்து இன்னமும் குட்டிகள் ஏற்றுமதியாகின்றன. சினைப் பெண்களைக் காட்டில் பிடித்து வந்து முட்டையிட வைத்து, பொரிந்த குட்டிகளை ‘பண்ணைக் குட்டி’ என்று அனுப்புகிறார்கள். மலிவாகக் கிடைக்கும். உண்ணியும் சேர்ந்து வரலாம். வீட்டில் பிறந்து, பெற்றோரின் படத்தோடு, எடைப் பதிவோடு, உறைய வைத்துக் கரைத்த எலியை உண்ணும் குட்டியையே வாங்குங்கள். யாரிடம் வாங்கினாலும் மூன்று மாதம் வேறு அறையில் தனித்து வையுங்கள். 2014-ல் கண்டறியப்பட்ட நிடோவைரஸ், நுரையீரலைத் தாக்கிக் கொல்லக்கூடியது. வாயில் பஞ்சால் எடுத்த மாதிரியைக் கொண்டு பி.சி.ஆர். சோதனை செய்யலாம். மூன்று பாம்புக்கு இந்தச் செலவு தாங்கும். ஆறு பாம்பு வாங்குகிறவர்கள் முதலில் வெட்டும் செலவு இதுதான் என்பதைப் பார்த்துவிட்டேன்.

இனி அந்த ஆறாவது குட்டி. அழகானவை நான்கும் ஷிகாகோ பக்கத்து டின்லி பார்க் கண்காட்சியிலோ இணையத்திலோ போய்விட்டன, ஐந்தாவதை நண்பர் எடுத்துக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். நிறமும் சாதாரணம், ஆண், எலி தின்னவும் தயங்குகிறது. இதை யார் வாங்குவார்? பால் பைத்தான் முப்பது ஆண்டு சர்வசாதாரணமாக வாழும். செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சிசாலைக்கு 1961-ல் வந்த ஒரு பெண், அறுபது வயதைத் தாண்டி, 2020-ல் ஏழு முட்டை இட்டது; அதற்கு முன் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக அருகில் ஆணே இல்லை. அந்தக் குட்டியை அடுத்த முப்பது ஆண்டுக்கு நீங்களே வைத்துக்கொள்ளத் தயாரா? தயார் என்றால் ஜோடி சேருங்கள். இல்லையென்றால் ஒரே ஒரு பாம்பை வளர்த்துக்கொண்டு மகிழ்ச்சியாக இருக்கலாம், அதில் ஒரு குறையும் இல்லை. தம்பியின் எக்செல் தாளில் குட்டிக்கு 300 டாலர் என்று போட்டிருந்தது. நான் அதைப் பாதியாக்கி, மூன்றில் ஒரு பங்குக் குட்டிகள் ஓராண்டு வீட்டிலேயே இருக்கும் என்று திருத்தி அனுப்பினேன். கணக்கு நஷ்டத்தில் போய் நின்றது. பொழுதுபோக்கு என்றால் அப்படித்தான் இருக்கும். கேமராவும் கிடாரும் லாபம் தருகின்றனவா?

தமிழ்நாட்டிலிருந்து கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பால் பைத்தான், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. 2022-ன் வனவிலங்குப் பாதுகாப்புத் திருத்தச் சட்டமும் 2024-ன் விதிகளும் இப்படிப்பட்ட உயிரினத்தை வைத்திருப்பதை இந்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதியச் சொல்கின்றன. முட்டை பொரிந்தால் அதையும் தெரிவிக்க வேண்டும். பாங்காக்கிலிருந்து பயணப்பெட்டிக்குள் வந்த பால் பைத்தான்கள் சென்னை விமான நிலையத்தில் அடிக்கடி பிடிபடுகின்றன. காகிதம் இல்லாமல் ஒருவர் விற்க வந்தால், விலை கேட்பதற்கு முன்பே எழுந்து வந்துவிடுங்கள்.