மலையில் எட்டாயிரம் மீட்டருக்கு மேலே மாட்டியவரை மீட்கவே முடியாதா?

“8,000 மீட்டருக்கு மேல் மாட்டிக்கொண்டவரை மீட்கவே முடியாது, போகிறவரும் சாவார், செலவு முழுக்க மக்கள் வரிப்பணம்” என்று ஒரு செய்தி சுற்றி வருகிறது. அது தவறு.

2023 மே மாதம் எவரெஸ்டில் 8,000 மீட்டருக்கு மேலே, கயிற்றைப் பிடித்தபடி குளிரில் நடுங்கிக்கொண்டிருந்த ஒரு மலேசியரைப் பார்த்த நேபாள மலையேற்ற வழிகாட்டி கெல்ஜே ஷெர்பா, தான் அழைத்துப்போன ஆளிடம் பேசி உச்சி ஏறுவதையே கைவிட வைத்தார். அப்புறம் அவரும் இன்னொரு வழிகாட்டியும் சேர்ந்து அந்த மலேசியரைப் படுக்கைப் பாயில் சுற்றி, முதுகில் சுமந்தும் பனியில் இழுத்தும் மூன்றாவது முகாம் வரை இறக்கினார்கள், அங்கிருந்து ஹெலிகாப்டர். அந்த மலேசியர் பிழைத்தார்.

ஆபத்து உண்மைதான். 2018 ஜனவரியில் பாகிஸ்தானின் நங்க பர்பத் மலையில் பிரெஞ்சு மலையேறி எலிசபெத் ரெவோலை மீட்ட குழு, மோசமான வானிலையில் இன்னும் மேலே இருந்த அவருடைய கூட்டாளி தோமெக் மட்ஸ்கியெவிச்சிடம் போக முடியாது என்று முடிவெடுத்தது. கண்மூடித்தனமாக யாரும் போவதில்லை. செலவும் முழுக்க மக்கள் வரிப்பணம் இல்லை: இமயமலையில் ஹெலிகாப்டர் கட்டணத்தைப் பெரும்பாலும் காப்பீடோ ஏறியவரோ தருகிறார்கள், நங்க பர்பத் மீட்புக்கு இணையத்தில் மக்களே விரும்பி நிதி திரட்டினார்கள்.

இவ்வளவு செலவும் ஆபத்தும் தகுமா என்று தாராளமாக விவாதிக்கலாம். சந்தேகம் இருந்தால் அந்தந்த மாதத்துச் செய்தித்தாள்களைத் தேடிப் பாருங்கள், எல்லாம் இருக்கிறது. அந்தச் செய்தியை மட்டும் இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.