ஒரு நாள் தண்ணீர் விட்டு வைத்தால் மீன் தொட்டி தயாரா?

"தொட்டியில் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் விட்டால் போதும், மறுநாளே மீன் விடலாம்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது பாதிதான் சரி. அந்தப் பாதியும் குழாய்த் தண்ணீருக்குத்தான். அதிலுள்ள குளோரின் திறந்து வைத்தால் ஒன்றிரண்டு நாளில் பறந்துவிடும். வன்னியில் நாங்கள் அள்ளுவது பெரும்பாலும் கிணற்றுத் தண்ணீர், குளோரின் போடாத கிணறென்றால் பறக்க என்ன இருக்கிறது? கேத்தலில் வெள்ளையாகப் படிகிற கல்லோ ஒரு மாதம் வைத்தாலும் போகாது (கப்பி, மொலி மீன்களுக்கு அது பிரச்சினையில்லை).

மீனைக் கொல்வது அதன் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் இருந்து வரும் அமோனியா. அதை நைத்திரைற்றாகவும், பிறகு அவ்வளவு நஞ்சில்லாத நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியா ஃபில்டர் பஞ்சில் குடியேற 4 முதல் 6 கிழமை எடுக்கும். அதுவரை மீன் இல்லாமலே ஃபில்டரை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை தீனி போட்டு வாருங்கள். அமோனியாவும் நைத்திரைற்றும் முதலில் ஏறி, பிறகு சோதனையில் பூச்சியத்துக்கு வந்தால், சரி, அப்புறம் ஒன்றிரண்டு மீன். கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீரை நம்பவேண்டாம், அமோனியாவுக்கு நிறமில்லை. நல்ல தொட்டி வைத்திருக்கும் அயலவரிடம் ஊத்தைப் பஞ்சில் ஒரு துண்டு கேட்டுப் பாருங்கள், கழுவாமல் அப்படியே போட்டால் நாள் நன்றாகக் குறையும்.