பொத்தானுக்குப் பெயர் வைப்பதில் என்ன கேடு?

புதிய தோற்றம், புதிய அனுபவம் என்று தம்பட்டம் அடித்து என் வங்கி தன் செயலியைப் புதுப்பித்திருக்கிறது. பார்க்க லட்சணமாக இருக்கிறதாம். எனக்குக் கண் தெரியாது. அந்த லட்சணத்தை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். அதுவரை "இருப்புத் தொகை", "பணம் அனுப்பு" என்று டாக்பேக், அதாவது திரையில் இருப்பதை எனக்கு வாய்விட்டுப் படித்துச் சொல்லும் போனின் திரைவாசிப்பான், ஒழுங்காக வாசித்த திரையில் இப்போது எங்கே விரலை வைத்தாலும் "பெயரிடப்படாத பொத்தான், பெயரிடப்படாத பொத்தான்" என்று ஒரே பல்லவி. எதைத் தட்டினால் பணம் போகும், எதைத் தட்டினால் கணக்கு முடங்கும் என்று குறிதான் கேட்க வேண்டும்.

ஆண்ட்ராய்டில் ஒரு படப் பொத்தானுக்குப் பெயர் கொடுக்க நிரலில் ஒரு வரி எழுதினால் போதும். முன்பு அந்த வரி இருந்ததால்தானே வாசித்தது? தெருவில் எல்லா வீட்டு எண்களையும் வெள்ளையடித்து மறைத்துவிட்டுத் தெரு பளிச்சென்று ஆகிவிட்டது என்று கொண்டாடினால் எப்படி இருக்கும்? என்விடிஏ என்ற திரைவாசிப்பானைப் பார்வையற்ற இரண்டு ஆஸ்திரேலிய இளைஞர்கள் 2006-இல் தொடங்கி இலவசமாகவே கொடுத்தார்கள். கொழுத்த லாபம் பார்க்கும் வங்கிக்கு ஒரு வரி எழுத ஆள் இல்லை.

மின்கட்டணத்துக்குக் கடைசி நாள். தட்டுத் தடுமாறி ரகசிய எண் கேட்கும் திரைவரை வந்துவிட்டேன். அங்கே பாதுகாப்பு என்ற பெயரில் எண்களைக் கலைத்துப் போட்டு, திரைவாசிப்பானுக்கும் தெரியாமல் மறைத்து வைத்திருக்கிறார்கள். விரலை மேலும் கீழும் நகர்த்துகிறேன். போன் வாயே திறக்கவில்லை. கடைசியில் தண்டையார்பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு, அவன் காதில் எண்ணைச் சொல்லிப் பணம் கட்டினேன். நல்ல பிள்ளைதான், அது வேறு விஷயம். "உங்கள் ரகசிய எண்ணை யாரிடமும் பகிராதீர்கள்" என்று இதே வங்கிதான் ஓயாமல் குறுஞ்செய்தி அனுப்புகிறது!

ஓடிபி கதை தனி. ஆறு இலக்கத்தையும் என் போனின் தமிழ்க் குரல் "நான்கு லட்சத்து எண்பத்திரண்டாயிரத்து..." என்று பத்திரம் படிப்பதுபோல நிதானமாக வாசித்து முடிப்பதற்குள் நேரம் தீர்ந்துவிடுகிறது.

சட்டம் இல்லையா? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இலேயே வந்துவிட்டது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அடையாளச் சரிபார்ப்பில் கண் சிமிட்டச் சொல்வதற்கு மாற்று வழி வேண்டும் என்பதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. விம்கோ நகர் போகும் மெட்ரோ ரயில் ஒவ்வொரு நிலையத்தின் பெயரையும் வாய்விட்டுச் சொல்கிறது. ரயிலுக்கு முடிகிறது, என் கையிலிருக்கும் போனில் ஒரு பொத்தானின் பெயரைச் சொல்ல வைக்க இவர்களால் முடியவில்லை.

வாடிக்கையாளர் சேவையை அழைத்தேன். "வீட்டில் கண் தெரிந்தவர்கள் யாரும் இல்லையா சார்?" என்று கேட்டார் அந்தப் பெண். அவர் மேல் கோபமில்லை. எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறார். இல்லையென்றால் என்ன செய்வது என்று திருப்பிக் கேட்டேன். புகாரை மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். இன்று காலை பதில் வந்திருக்கிறது: திரையைப் படம் பிடித்து, சிக்கல் உள்ள இடத்தைச் சிவப்பு வட்டமிட்டு அனுப்ப வேண்டுமாம்.