சேஃப்டி போட்டால் துப்பாக்கி வெடிக்காதா? இந்தச் செய்தியைப் பகிர வேண்டாம்

மண்டபம், கீழக்கரை, தொண்டி பக்க வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: “கைத்துப்பாக்கியில் சேஃப்டியை (தவறிச் சுடாமல் தடுக்கும் பூட்டு) போட்டு, மேகசினையும் (தோட்டாக்கள் அடுக்கிய பெட்டி) கழற்றிவிட்டால் அது வெறும் இரும்பு. பிள்ளைகள் கையில் கூடக் கொடுக்கலாம்.”

இது தவறு, உயிருக்கே ஆபத்தானது.

மேகசினைக் கழற்றினாலும் குழலின் பின்முனையில், சேம்பர் என்னும் அறையில், ஒரு தோட்டா தங்கியிருக்கலாம். பல பிஸ்டல்கள் மேகசின் இல்லாமலே அந்த ஒரு தோட்டாவைச் சுடும். சேஃப்டியும் ஒரு சின்ன இயந்திரப் பாகம்தான்: தேயும், அழுக்கேறினால் சிக்கும். நம் கரையில் உப்புக்காற்று படகு ஆணியையே தின்றுவிடுகிறதே! பெரும்பாலான ரிவால்வர்களில் (சுழலும் உருளையில் தோட்டா வைக்கும் துப்பாக்கி) அந்தச் சேஃப்டியே கிடையாது.

பிஸ்டலில் சரியான முறை: முனை யார் பக்கமும் திரும்பக் கூடாது, விரல் சுடும் விசையைத் (ட்ரிகர்) தொடக் கூடாது. முதலில் மேகசினைக் கழற்றுங்கள். பிறகு ஸ்லைடை (துப்பாக்கியின் மேல்புறம் முன்பின் நகரும் பாகம்) பின்னுக்கு இழுத்துச் சேம்பரைக் கண்ணால் பாருங்கள். சில வகைகளில் சேஃப்டியை விலக்கினால்தான் ஸ்லைடு நகரும். அப்போது இன்னும் கவனம் தேவை. வரிசை மாறினால், அதாவது ஸ்லைடை இழுத்துவிட்டு மேகசினைக் கழற்றினால், அடுத்த தோட்டா உள்ளே ஏறிவிடும்.

துப்பாக்கியோடு வரும் கையேட்டில் இதைச் சரிபார்க்கலாம். 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாதவர் துப்பாக்கி வைத்திருப்பதே குற்றம். சந்தேகமிருந்தால் காவல் நிலையத்தில் கேளுங்கள். அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள், அனுப்பியவரிடமும் சொல்லுங்கள்.