மூணாவது தடவையா டேப் பிடிச்சேன்

எங்க ஊர்க் கண்மாய் மடை உடைஞ்சு கிடக்கு. அதைச் சரிபண்ணணும்னு நேத்து மறுபடியும் ஆபீஸ்லேர்ந்து வந்து மடையை அளந்துட்டுப் போயிட்டாங்க. மூணாவது தடவை. மூணு தடவையும் டேப்போட மறுமுனையைப் பிடிச்சது நான்தான். வயிறு எரியுது, அதான் எழுதுறேன்.

முதல் தடவை 2023 வைகாசி. கண்மாய் பாளம் பாளமா வெடிச்சுக் கிடந்துச்சு. செருப்புக் காலோட உள்ள இறங்கி நின்னோம். ஷட்டர் துருப்பிடிச்சு அடியில கை நுழையுற அளவுக்கு ஓட்டை. திருகுற கம்பி வளைஞ்சு போச்சு. பக்கச் சுவர்ல ரெண்டு கல்லு பேர்ந்து கிடக்கு. ஓவர்சியர் எல்லாத்தையும் பார்த்து நோட்டுல எழுதிக்கிட்டாரு. "பத்து நாள் வேலை தம்பி, முடிச்சிரலாம்"னாரு. நம்பினேன். உண்மையிலேயே பத்து நாள் வேலைதான்.

ரெண்டாவது தடவை 2024 ஆவணி. பழைய எஸ்டிமேட் செல்லாதுன்னாங்க. ஏன்னா ரேட்டு மாறிப்போச்சு. சிமெண்டுக்கும் கம்பிக்கும் கூலிக்கும் அரசாங்கம் வருஷா வருஷம் புது விலைப்பட்டியல் போடுது. ஃபைல் மேசை மேசையா நகர்ந்து கையெழுத்தாகி வர்றதுக்குள்ள அந்தப் பட்டியல் பழசாயிருது. பழைய விலைக்கு எந்தக் கான்ட்ராக்டரும் டெண்டர் எடுக்கமாட்டான். உடனே புது எஸ்டிமேட், புது அளவு, புது ஃபைல். தாமதம் பண்ணினது அவங்க, அதுக்குத் தண்டனை எங்க வயலுக்கு.

நேத்து மூணாவது தடவை. புரட்டாசி மழை ரெண்டு நாளா அடிச்சிருக்கு. முழங்கால் சேத்துல நான், கரை மேல குடையோட ஒரு புது ஆளு. பழையவரு மாறுதல்ல போயிட்டாராம்.

"சார், ஏற்கனவே ரெண்டு தடவை அளந்திருக்கே?"

"அது ஃபைல்ல இருக்கும்."

"அப்ப எதுக்கு சார் திரும்ப அளக்கிறீங்க?"

"ஃபைல் இங்க இல்லையே."

டேப்பை இன்னும் கொஞ்சம் இழுன்னாரு. இழுத்தேன். இடது பக்கம் பிடின்னாரு. பிடிச்சேன். கால் வழுக்கி ஒரு கையை ஊனிட்டேன், சட்டையெல்லாம் சேறு. தெளிவா இல்லை, இன்னொரு தடவைன்னாரு. பிடிச்சேன். போன்ல படம் எடுத்தாரு. மடை தெரியலை, தண்ணிக்குள்ள இருக்கு. கொஞ்சம் தண்ணியை ஒதுக்க முடியுமான்னு கேட்டாரு. கண்மாய்த் தண்ணியை நான் கையால எங்கங்க ஒதுக்குறது?

எல்லாம் முடிஞ்சதும் கேட்டேன், எப்ப சார் வேலை ஆரம்பிப்பீங்க?

"இப்ப எப்படி தம்பி முடியும்? தண்ணி வத்தட்டும்."

அங்கதான் எனக்கு ரத்தம் கொதிச்சுப் போச்சு. தண்ணி வத்தட்டும்! கண்மாய்த் தண்ணி வத்துறதுன்னா எங்களுக்கு என்னன்னு இந்த மனுஷனுக்குத் தெரியுமா? தை மாசம் கதிர் பால் பிடிக்கிற நேரம். கடைசி ரெண்டு தண்ணி வேணும். அந்தத் தண்ணி மார்கழியிலேயே ஓட்டை மடை வழியா ராவும் பகலும் ஓடி ஓடையில சேர்ந்திருக்கும். போன வருஷம் என் ரெண்டு ஏக்கர்ல பாதி சாவி, மணி பிடிக்காத வெறும் பதரு. பக்கத்து வயல்காரர் அறுக்கிற கூலிகூடத் தேறாதுன்னு மாட்டை விட்டு மேயவிட்டாரு. எங்க நெல்லு செத்ததுக்கு அப்புறம்தான் இவங்களுக்கு வேலைக்காலமே வருது. சரி, அப்பவாவது வர்றாங்களான்னா மாசி, பங்குனியில போனா "மார்ச் முடியுது, நிதி இல்லை"ம்பாங்க. சித்திரையில "புது வருஷம், இனிமேதான் திட்டம் போடணும்"ம்பாங்க. இடையில தேர்தல் வந்தா நடத்தை விதி. ஐப்பசியில மழை வரும்ங்கிறது எங்க பாட்டன் காலத்துலேர்ந்து தெரிஞ்ச விஷயம். ஒரு திட்டத்தை ஏன் மழையைப் பார்த்துப் போடக்கூடாது?

சரி, மேல யாரையாவது பார்க்கலாம்னா ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணி பாயுற நிலம், 40 ஹெக்டேருக்குக் கீழ இருந்தா ஊராட்சி ஒன்றியத்தோட யூனியன் கண்மாய், மேல இருந்தா நீர்வளத்துறை. எங்களது தொண்ணூறு ஏக்கர் சொச்சம், அதனால யூனியன். எங்க கண்மாய்க்குத் தண்ணி கொண்டு வர்ற வரத்துக்கால் மேல இருக்கிற பெரிய கண்மாயிலேர்ந்து வருது, அது நீர்வளத்துறையோடது. ரெண்டு ஆபீஸுக்கும் நடுவுல நான் எத்தனை தடவை பஸ் ஏறியிருப்பேன்! ஊராட்சித் தலைவர்கிட்ட கத்தலாம்னா அவங்க பதவிக்காலம் 2025 ஜனவரியோட முடிஞ்சுபோச்சு, அதுக்கப்புறம் தனி அலுவலர்தான். கிராம சபையில நாலு தடவை தீர்மானம் போட்டோம். தீர்மானம் நோட்டுல இருக்கு, ஓட்டை மடையில இருக்கு.

எங்க ஊரு மடை சின்னது, அதனால விட்டுட்டாங்கன்னு நினைக்காதீங்க. பெருசையும் இப்படித்தான் வச்சிருந்தாங்க. திருச்சி பக்கத்துல முக்கொம்பு மேலணை, வெள்ளைக்கார இன்ஜினியர் ஆர்தர் காட்டன் 1836ல கட்டினது. 2018 ஆகஸ்ட் 22 ராத்திரி, கொள்ளிடத்துல வெள்ளம் போய்க்கிட்டிருக்கும்போது 45 மதகுல 9 மதகு அடிச்சிக்கிட்டுப் போச்சு. அப்புறம் 387 கோடியில புது கதவணை கட்டினாங்க. பரம்பிக்குளம் அணையில 2022 செப்டம்பர்ல ஷட்டர் உடைஞ்சு, தேக்கி வச்ச தண்ணி நாள்கணக்குல வீணாப் போச்சு. உடைஞ்சதுக்கு அப்புறம் ஓடுற ஓட்டத்துல பாதியை முன்னாடியே ஓடியிருந்தா?

பள்ளிக்கூடக் கதையும் இதேதான். 2021 டிசம்பர்ல திருநெல்வேலியில பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிஞ்சு மூணு பையன்க செத்தாங்க. அதுக்கப்புறம்தான் தமிழ்நாடு முழுக்க இடியுற நிலையில இருக்கிற பள்ளிக் கட்டடத்தைத் தேடி ஓடினாங்க. எங்க ஊருலயும் வந்து பழைய கட்டடத்தை இடிச்சாங்க. இடிக்கிறதுக்கு ஒரே நாள்தான் ஆச்சு. கட்டுறதுக்கு மட்டும் வரவே இல்லை. பிள்ளைங்க இன்னும் சமுதாயக்கூடத்துல உட்கார்ந்து படிக்குது. கல்யாணம்னா அன்னைக்கு வேப்பமரத்தடி. என் மகளும் அதுல ஒருத்தி.

இன்னைக்குச் சாயங்காலம் நாங்க ஆறு பேர் சேர்ந்து மடை வாய்ல மண்மூட்டை அடுக்கப் போறோம். மூணு வருஷமா அதுதான் எங்க பராமரிப்பு. அதுக்கு யூரியா சாக்கு தேடி வீடு வீடா அலையுறேன், சாக்கே இல்லை. எப்படி இருக்கும்? 266 ரூபாய் 50 காசு மூட்டையை வாங்கப் போனா, கூட ஒரு பாட்டில் மருந்து எடுத்தாத்தான் யூரியாங்கிறான் கடைக்காரன். வேண்டாத பாட்டிலை எதுக்குய்யா என் தலையில கட்டுற? வீட்டுல நாலு பாட்டில் மூடி திறக்காம நிக்குது!