மாப்பிள்ளை வந்தால் மேம்படுத்தல் வரும்

(ராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டுக் கூடம். டிவிக்குக் கீழே ஒரு பழைய கணினி. வீட்டிலுள்ள படங்கள், தொடர்கள், கல்யாண வீடியோக்கள் எல்லாம் அதிலிருந்துதான் ஓடுகின்றன. சென்னையிலிருந்து வந்த மாப்பிள்ளை, கையில் பென் டிரைவோடு அதன் முன் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார்.)

மாமனார்: மாப்பிள்ளை, காப்பி ஆறிக்கொண்டிருக்கிறது. அது கிடக்கட்டும், அந்தப் பென் டிரைவோடு நீங்கள் இந்தப் பெட்டிக்கு இவ்வளவு நெருக்கமாக உட்காரும்போதெல்லாம் எனக்கு ஏன் வயிற்றைக் கலக்குகிறது என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

மாப்பிள்ளை: பயப்பட ஒன்றுமில்லை, மாமா. இதில் ஓடும் ஓ.எஸ்., அதாவது இயங்குதளம், 2020 ஏப்ரலில் வந்த உபுண்டு 20.04. அதற்குரிய வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. அதனால் 24.04 என்ற புதிய பதிப்புக்கு மாற்றிவிடலாம் என்று பார்க்கிறேன்.

மாமனார்: முடிந்துபோன செய்தி இந்தப் பெட்டிக்குத் தெரியாது போலிருக்கிறது. நேற்று இரவு பதினொரு மணி வரை உங்கள் அத்தைக்குத் தொடர் காட்டிவிட்டுத்தான் ஓய்ந்தது. சரி, மாற்றுவது ஒரே தாவலா?

மாப்பிள்ளை: இல்லை. முதலில் 22.04, அதன்பிறகுதான் 24.04. ஒவ்வொரு படியிலும், மென்பொருள்களை இறக்க வெளியிலிருந்து நாம் சேர்த்த மூலங்களை அது தானாக நிறுத்திவைத்துவிடும். படங்களை டிவியில் ஓட்டும் ஜெல்லிஃபின் என்ற மென்பொருளும் அப்படி நாம் சேர்த்ததுதான். பிறகு கையால் திரும்ப இணைத்துவிடலாம்.

மாமனார்: "இணைத்துவிடலாம்" என்பதை நீங்கள் சொன்ன வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. நடுவில் கரண்ட் போனால்?

மாப்பிள்ளை: இன்வெர்ட்டர் இருக்கிறதே, மாமா.

மாமனார்: இருக்கிறது. இரண்டு ஃபேனையும் உங்கள் அத்தையின் மிக்ஸியையும் ஒன்றாகப் போட்டால் அது என்ன செய்யும் என்பதை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை. போகட்டும். உங்கள் அத்தை ஒவ்வொரு தொடரையும் எந்த இடத்தில் நிறுத்தினாரோ அந்த இடம் இதற்கு நினைவிருக்கிறதே, அந்த நினைவு எங்கே இருக்கிறது? படங்கள் இருக்கும் பெரிய டிஸ்கிலா?

மாப்பிள்ளை: (குரல் இறங்கி) இல்லை. ஓ.எஸ். இருக்கும் சின்ன டிஸ்கில்தான், ஜெல்லிஃபினின் தரவுத்தளத்தில்.

மாமனார்: அப்படியென்றால் தப்பாகப் போனால் படங்கள் பிழைத்துக்கொள்ளும், நாம் இருவரும் பிழைக்க மாட்டோம். மாற்றாமல் விட்டால் என்ன கெடும் என்று சொல்லுங்கள்.

மாப்பிள்ளை: புதிய பாதுகாப்பு ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டால் அடைக்க வழி இருக்காது. இணையத்திலிருந்து யாராவது உள்ளே வந்துவிடலாம்.

மாமனார்: யாருக்கும் தெரியாமல் கூடத்து மூலையில் கிடக்கும் பெட்டிக்குள் இணையத்திலிருந்து எப்படி வருவார்கள்?

மாப்பிள்ளை: அது வந்து, சென்னையிலிருந்து நான் படம் பார்ப்பதற்காக ரவுட்டரில் 8096-ஆம் போர்ட்டை, அதாவது ஜெல்லிஃபினுக்கு வரும் வாசலை, வெளியே திறந்து வைத்திருக்கிறேன்.

மாமனார்: ஆகா! கதவைத் திறந்து வைத்தவரும் நீங்கள், திருடன் வருவான் என்று வீட்டையே இடித்துக் கட்டச் சொல்பவரும் நீங்கள். அந்தப் போர்ட்டை மூடிவிட்டால்?

மாப்பிள்ளை: ஆபத்து முழுக்கப் போகாது, ஆனால் பெருமளவு குறையும். அது மட்டுமில்லை, உபுண்டு புரோ என்று ஒன்று இருக்கிறது. அதில் பதிவு செய்தால் இந்த 20.04-க்கே 2030 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். சொந்த உபயோகத்துக்கு ஐந்து கணினிகள் வரை இலவசம். நாம் தனியாகச் சேர்த்த ஜெல்லிஃபினுக்கு மட்டும் அது பொருந்தாது.

மாமனார்: இலவசம் என்ற சொல்லைக் காப்பி ஆறும் வரை மறைத்து வைத்திருந்த முதல் மாப்பிள்ளை இந்தத் தீவிலேயே நீங்கள்தான்.

மாப்பிள்ளை: ஆனால் மாமா, ஐந்தாண்டுப் பழையதைக் கட்டிக்கொண்டு எத்தனை நாள் இருப்பது? பாம்பன் பாலத்தைக்கூட மாற்றினார்களே!

மாமனார்: நல்ல இடத்தில் வந்து மாட்டினீர்கள். 1914-இல் திறந்த பாலம் அது. 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்தினார்கள். புதியது திறந்தது 2025 ஏப்ரலில். அதுவரை மண்டபத்தில் இறங்கி மூட்டை முடிச்சோடு பஸ் ஏறி வந்தவன் நான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: பழையதை உடைத்துவிட்டு அதே தூணின் மேலா புதியதைக் கட்டினார்கள்? பக்கத்தில் தனியாகத்தானே கட்டினார்கள்?

மாப்பிள்ளை: (யோசித்து) அதாவது, புதிதாக எஸ்.எஸ்.டி. என்ற சின்ன டிஸ்க் ஒன்று வாங்கி, அதில் 24.04-ஐத் தனியாக நிறுவி, அத்தையின் தரவுத்தளத்தைப் பிரதியெடுத்து வைத்துக்கொண்டு, சரிவரவில்லையென்றால் பழைய டிஸ்கையே திரும்ப மாட்டிவிட வேண்டும் என்கிறீர்கள்.

மாமனார்: அப்படி நான் சொன்னதாகவே இருக்கட்டும். இப்போது கணினியின் பின்பக்கம் பாருங்கள்.

மாப்பிள்ளை: (திருப்பிப் பார்த்து) ஐயோ! பெரிய டிஸ்கின் யு.எஸ்.பி. முனையில் பச்சை பூத்திருக்கிறது. உள்ளே அந்தப் பித்தளை நிறமே தெரியவில்லை.

மாமனார்: உப்புக் காற்று, மாப்பிள்ளை. உங்கள் உபுண்டுவுக்கு 2030 வரை ஆயுள் என்கிறீர்கள். இந்த வயருக்கு அடுத்த ஆடிக் காற்று வரைகூட ஆயுள் இல்லை. போன வாரத்திலிருந்து அந்த டிஸ்க் கட்கட்டென்று சத்தமும் போடுகிறது. உங்கள் கல்யாண வீடியோ அதில் ஒரே பிரதிதான்.

மாப்பிள்ளை: ஒரே பிரதியா? மாமா, ஓ.எஸ். எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நாளைக்கே ராமநாதபுரம் போய்ப் பெரிய டிஸ்க் ஒன்று வாங்கி எல்லாவற்றையும் அதில் பிரதியெடுத்துவிடலாம்.

மாமனார்: எஸ்.எஸ்.டி.?

மாப்பிள்ளை: அத்தை இப்போது பார்க்கும் தொடரை முடிக்கட்டும். எத்தனை பகுதி மிச்சம்?

மாமனார்: பார்க்கும் வேகத்தை வைத்துச் சொன்னால், 2030-க்குள் முடித்துவிடுவார். இப்போதே அந்தப் போர்ட்டை மூடுங்கள்.

மாப்பிள்ளை: மூடுகிறேன். ஆனால் அதற்குப் பிறகு சென்னையிலிருந்து நான் எப்படிப் படம் பார்ப்பது, மாமா? வி.பி.என். என்ற பாதுகாப்பான தனி வழி அமைக்கலாம், அதற்கும் இந்தப் பெட்டியில் சில மாற்றங்கள்...

மாமனார்: (பென் டிரைவை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு) ராமேஸ்வரம் வரைக்கும்தான் இப்போது ரயில் ஓடுகிறதே, மாப்பிள்ளை. வந்து பாருங்கள்.